மருத்துவக் கல்லூரிக்கு மறுபடி விண்ணப்பிக்கும்போது: அமெரிக்கத் தமிழ் மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு ஒருமுறை விண்ணப்பித்து, எங்கும் இடம் கிடைக்காமல், அடுத்து என்ன செய்வது என்று திகைத்து நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி நின்றவன்தான். முதல் முறை 19 கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தேன். ஒரே ஒரு நேர்காணல் வந்தது. அதுவும் காத்திருப்போர் பட்டியலோடு முடிந்துபோனது. இடையில் ஓராண்டு விண்ணப்பிக்காமல் இருந்துவிட்டு, அதற்கு அடுத்த ஆண்டு மறுபடி முயன்று சேர்ந்தேன். இப்போது பொது மருத்துவராகப் பணிபுரிகிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல், மே மாதங்களில் தெரிந்தவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் தொலைபேசியில் கேட்கும் கேள்விகள் இவை.

எங்குமே இடம் கிடைக்கவில்லை. என் மகளுக்கு மருத்துவராகும் தகுதி இல்லை என்று பொருளா?

இல்லை. அண்மை ஆண்டுகளில் எம்டி (அமெரிக்காவில் இதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்) கல்லூரிகளுக்கு ஏறத்தாழ 52,000 பேர் விண்ணப்பிக்கிறார்கள். சேர்கிறவர்கள் 23,000 பேர். பாதிக்கும் மேற்பட்டவர்கள் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள். அவர்களில் நல்ல மருத்துவராகக் கூடியவர்கள் ஏராளம். ஆனால் 'தகுதி இருக்கிறது, அதிர்ஷ்டம்தான் இல்லை' என்று சொல்லிக்கொண்டு அதே விண்ணப்பத்தை அனுப்பவும் கூடாது. அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டுதான். அது நம் கையில் இல்லாததால் அதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

அடுத்த ஜூன் மாதமே மறுபடி விண்ணப்பிக்கலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எம்டி கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸ் மே மாதத் தொடக்கத்தில் திறக்கிறது. மே மாதக் கடைசியிலிருந்து அதைச் சமர்ப்பிக்கலாம். ஜூன் கடைசியில் கல்லூரிகளின் கைக்குப் போகிறது. இந்த ஆண்டின் கடைசி மறுப்புக் கடிதம் உங்களுக்கு எப்போது வந்தது? மார்ச்சிலா, ஏப்ரலிலா? அப்படியானால் மறுப்புக்கும் மறுவிண்ணப்பத்துக்கும் நடுவில் இருப்பது ஆறு, ஏழு வாரங்கள். அதற்குள் எது மாறியிருக்கும்? கட்டுரையில் சில வரிகள் மாறியிருக்கலாம். தன்னார்வப் பணியில் சில மணி நேரம் கூடியிருக்கலாம். கல்லூரியிடம் உங்கள் பழைய விண்ணப்பம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒருவர் 'இவர் கடந்த ஆண்டு என்ன செய்தார்?' என்றுதான் முதலில் கேட்பார்.

விதிவிலக்கு உண்டு. முந்தைய இலையுதிர் காலத்திலேயே, நேர்காணல் அழைப்பு வராதபோதே, நிலைமையைப் புரிந்துகொண்டு வேலையைத் தொடங்கியவர்கள் உடனே விண்ணப்பிக்கலாம். தாமதமாக அனுப்பியது மட்டும்தான் குறை, மற்றதெல்லாம் வலுவாக இருந்தது என்றாலும் உடனே அனுப்பலாம். மற்றவர்களுக்கு நான் சொல்வது: ஓராண்டை விட்டுவிடுங்கள். ஓராண்டு வீணாகிறதே என்று பெற்றோருக்கு நெஞ்சு பதைக்கும், எனக்குத் தெரியும். என் அப்பா இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் மாற்றமில்லாத விண்ணப்பத்தை அனுப்பி இரண்டாவது முறையும் மறுக்கப்பட்டால் வீணாவது அந்த ஓராண்டு மட்டுமல்ல. மூன்றாவது முறை முயல்பவராக நிற்க வேண்டியிருக்கும். இத்தனை முறைதான் விண்ணப்பிக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கும் கல்லூரிகளும் உண்டு.

எங்கே குறை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் நின்றுபோனது என்று பாருங்கள். ஒரு நேர்காணல்கூட வரவில்லை என்றால் மதிப்பெண், கல்லூரிப் பட்டியல், அனுப்பிய தேதி, கட்டுரைகள் ஆகியவற்றில் ஏதோ ஒன்றில் ஓட்டை இருக்கிறது. நான்கைந்து நேர்காணலுக்குப் போயும் இடம் கிடைக்கவில்லை என்றால் காகிதத்தில் குறையில்லை. நேரில் பேசும்போதுதான் ஏதோ நடக்கிறது. அப்படிப்பட்டவர் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டை மறுபடி எழுதப் போவது காலில் காயத்தை வைத்துக்கொண்டு தலைக்குக் கட்டுப்போடுவதற்குச் சமம். தெரியாத ஒருவரை எதிரே உட்காரவைத்து, கேமராவில் பதிவு செய்து, பேசிப் பழக வேண்டும்.

கல்லூரிகளிடமே கேட்கலாம். சேர்க்கை முடிந்தபின், மே அல்லது ஜூன் மாதத்தில், 'மறுபடி விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன், எதை வலுப்படுத்தலாம்?' என்று நான்கு வரியில் பணிவாக மின்னஞ்சல் அனுப்புங்கள். பல கல்லூரிகள் பதில் சொல்லாது. சில கல்லூரிகள் தொலைபேசியில் கால் மணி நேரம் ஒதுக்கும். எனக்கு அப்படி ஒரு கல்லூரியில் ஒருவர் பேசினார். 'உங்கள் பரிந்துரைக் கடிதங்களில் ஒன்று உங்களைத் தெரியாதவர் எழுதியதுபோல இருக்கிறது' என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். முடிவை எதிர்த்து வாதாடும் தொனி மட்டும் வேண்டாம்.

ஜிபிஏ குறைவு. பட்டம் முடிந்துவிட்டது. இனி என்ன செய்ய முடியும்?

ஜிபிஏ என்பது இளநிலைப் பட்டப்படிப்பின் சராசரி மதிப்பெண்; உச்சம் 4.0. சேர்கிறவர்களின் சராசரி ஜிபிஏ 3.8ஐ ஒட்டி இருக்கிறது. பட்டம் முடிந்தபின் அதை உயர்த்துவது கடினம்; கணக்கே அப்படி. 120 கிரெடிட்டில் (பாட அலகுகளில்) 3.2 வைத்திருக்கும் ஒருவர், இன்னும் 30 கிரெடிட் படித்து எல்லாவற்றிலும் 'ஏ' வாங்கினாலும் 3.36தான் வரும். இதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். சேர்க்கைக் குழு மொத்த எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. ஆம்காஸ் ஆண்டுவாரியாகப் பிரித்தே காட்டுகிறது. முதலாண்டில் தடுமாறியவர் கடைசி 30 கிரெடிட்டில் உயிர்வேதியியலிலும் உடலியங்கியலிலும் 'ஏ' வாங்கியிருக்கிறார் என்பது அந்தப் பக்கத்தில் பளிச்சென்று தெரியும்.

பட்டத்துக்குப் பின் இளநிலைப் பாடங்கள் எடுப்பது போஸ்ட்பாக். அந்த மதிப்பெண் இளநிலை ஜிபிஏவோடு சேரும். முதுநிலைப் படிப்பின் மதிப்பெண் தனியாகத்தான் காட்டப்படும். இளநிலை எண்ணை அது அசைக்காது. 3.5க்கு மேல் இருப்பவருக்குப் பெரும்பாலும் இரண்டுமே தேவையில்லை. மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடங்களையே படிக்க வைக்கும் சிறப்பு முதுநிலைப் படிப்புகளில் சேர்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அங்கே 'பி'க்கள் வாங்கினால் கதவு முன்பைவிட இறுக்கமாக மூடிக்கொள்ளும். வேலை பார்த்துக்கொண்டே ஒப்புக்குப் படிக்கும் படிப்பல்ல அது. ஒரே பாடத்தை இரண்டு முறை எடுத்தால் ஆம்காஸ் இரண்டு மதிப்பெண்ணையும் கணக்கில் சேர்க்கும், பழையது மறையாது.

எம்கேட் மறுபடி எழுத வேண்டுமா?

மொத்த மதிப்பெண் 472 முதல் 528 வரை. நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 118 முதல் 132 வரை. எம்டி கல்லூரிகளில் சேர்பவர்களின் சராசரி 512ஐ ஒட்டி இருக்கிறது. 514 வைத்திருப்பவர் 518க்காக மறுபடி எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. கீழே விழுந்தால் அந்த எண்ணும் கல்லூரிகளின் கண்ணில் படும். 504 வைத்திருப்பவர், அல்லது மொத்தம் நன்றாக இருந்தும் ஒரு பகுதியில் மட்டும் 123, 124 என்று வாங்கியவர், எழுதுவதைப் பற்றி யோசிக்கலாம்.

தேர்வு நாளைப் பதிவு செய்வதற்கு முன் ஒரு நிபந்தனை வைத்துக்கொள்ளுங்கள். தேர்வை நடத்தும் ஏஏஎம்சியின் முழு நீள மாதிரித் தேர்வுகளை நேரம் வைத்து எழுதி, வேண்டிய மதிப்பெண்ணைத் தொடர்ந்து தொட்ட பிறகே உண்மைத் தேர்வுக்குப் போக வேண்டும். 'தேர்வன்று எப்படியோ வந்துவிடும்' என்பது வராது. ஓராண்டில் 3 முறை, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் 4 முறை, வாழ்நாளில் 7 முறை என்பது வரம்பு. எழுதிவிட்டு ரத்து செய்தாலும், பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தாலும் அதுவும் ஒரு முறையாகவே எண்ணப்படும். பழைய மதிப்பெண்ணைப் பல கல்லூரிகள் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஏற்பதில்லை. ஓராண்டு தள்ளிப்போடுபவர்கள் இந்தக் காலாவதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் பிள்ளைகள் பலர் அறிவியல் பகுதிகளில் நன்றாக எழுதிவிட்டு, கார்ஸ் எனப்படும் வாசிப்புப் பகுதியில் சறுக்குகிறார்கள். அதற்குக் குறுக்கு வழி கிடையாது. பழக்கமில்லாத துறைகளில் கனமான கட்டுரைகளை நாள்தோறும் படித்து, ஆசிரியர் எதை நிலைநாட்டப் பார்க்கிறார் என்று ஒரு வரியில் எழுதிப் பழகுவதுதான் வழி. மாதக் கணக்கில் ஆகும்.

ஆராய்ச்சி இருக்கிறது, 300 மணி நேரத் தன்னார்வப் பணி இருக்கிறது. இன்னும் என்ன வேண்டும்?

மணி நேரம் எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். நோயாளியின் அருகில் இருந்த நேரமா, மருத்துவமனைக் கட்டடத்துக்குள் இருந்த நேரமா? இரண்டும் வேறு. அன்பளிப்புக் கடையில் நின்றதும் கோப்புகளை அடுக்கியதும் பயனற்ற வேலை என்று சொல்லமாட்டேன். ஆனால் நோயுற்ற மனிதரோடு பழகுவது உங்களுக்கு ஒத்துவருமா என்பதை அவை காட்டுவதில்லை.

என் முதல் விண்ணப்பத்தில் எழுதிய வரி இது: 'முதியோர் பராமரிப்பு இல்லத்தில் 140 மணி நேரம் பணியாற்றி, நோயாளிகளுக்கு உதவியதன் மூலம் கருணையின் முக்கியத்துவத்தைக் கற்றேன்.' இந்த வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அங்கே போகாதவர்கூட எழுதலாம். அடுத்த ஆண்டு அதே மாதிரியான ஓர் இல்லத்தில் உதவியாளராகச் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். அங்கே ஒரு பெரியவர் இருந்தார். எதைக் கேட்டாலும் பொருந்தாத பதில் சொல்வார். குழப்பம் அதிகமாகிவிட்டது என்று அவருடைய குறிப்பேட்டில் எழுதியிருந்தார்கள். ஒருநாள் அவருக்குச் சட்டை மாட்டிவிடும்போது காதில் இருந்த கேட்புக் கருவி கையில் பட்டது. கழற்றிப் பார்த்தால் பேட்டரி தீர்ந்து கிடந்தது. எத்தனை நாளாகத் தீர்ந்திருந்ததோ, யாருக்கும் தெரியவில்லை. புது பேட்டரி போட்டதும் என்னைப் பார்த்து, 'உன் குரல் இவ்வளவு மெல்லியதா?' என்றார். செவிலியரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அன்று மாலையே குறிப்பு மாற்றப்பட்டது.

இரண்டாவது விண்ணப்பத்தில் இதைத்தான் எழுதினேன். 'கருணை' என்ற சொல்லே அதில் இல்லை. ஆம்காஸில் 15 செயல்பாடுகள் வரை பதியலாம். ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துகள்தான் இடம். அவற்றில் மிக முக்கியமான மூன்றுக்கு மட்டும் கூடுதலாக 1,325 எழுத்துகள். 15 இடத்தையும் நிரப்பியே தீர வேண்டும் என்பதில்லை. ஓராண்டு ஒரே இடத்தில் வேர்விட்டு நின்றவருக்கு எழுத விஷயம் தானாகக் கிடைக்கும். ஆறு இடங்களில் ஆறு வாரம் ஆறு வாரமாகத் தாவியவருக்குக் கிடைக்காது.

சம்பள வேலை என்றால் உதவியாளர், அவசர ஊர்தித் தொழில்நுட்பர், மருத்துவரின் பக்கத்தில் இருந்து குறிப்பெழுதும் ஸ்க்ரைப் எல்லாமே நல்லவை. நான் முதலில் சொன்ன இரண்டையும் முன்னே வைப்பேன், அவற்றில் நோயாளியைத் தொட வேண்டியிருக்கிறது என்பதால்.

பழைய பரிந்துரைக் கடிதங்களையே பயன்படுத்தலாமா?

ஆம்காஸில் கடிதங்கள் அடுத்த ஆண்டுக்குத் தாமாகத் தொடர்வதில்லை. மறுபடி அனுப்பவைக்க வேண்டும். அனுப்புவதுதான் அனுப்புகிறோம், புதுப்பித்து அனுப்பச் சொல்லுங்கள். முதல் முறை நான் 250 பேர் உட்காரும் வகுப்பை நடத்திய புகழ்பெற்ற பேராசிரியரிடம் கடிதம் கேட்டேன், பெயருக்காக. அவருக்கு என் முகம் தெரியாது. அந்தத் தொலைபேசி உரையாடலில் சுட்டிக்காட்டப்பட்டது அந்தக் கடிதம்தான். இரண்டாவது முறை, என் வேலையைப் பத்து மாதம் பக்கத்தில் இருந்து பார்த்த மேற்பார்வையாளர் எழுதினார். கேட்கும்போது, 'வலுவான கடிதம் எழுத உங்களால் இயலுமா?' என்று கேளுங்கள். தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரிடம் போங்கள்.

கட்டுரையை முழுவதும் மாற்றி எழுத வேண்டுமா? முதல் தோல்வியைச் சொல்லலாமா?

முதன்மைக் கட்டுரைக்கு 5,300 எழுத்துகள். மருத்துவத்தை ஏன் தேர்ந்தீர்கள் என்ற காரணம் ஓராண்டில் மாறியிருக்காது. ஆனால் அதை நீங்கள் புரிந்துகொண்ட விதம் மாறியிருக்க வேண்டும். வெற்றுத் தாளில் தொடங்குங்கள். பழைய கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு திருத்தினால் பழைய வாக்கியங்களே உங்களை இழுத்துக்கொண்டு போகும்.

இந்தக் கட்டுரையில் முதல் மறுப்பைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. அதற்கு வேறு இடம் இருக்கிறது. செகண்டரி எனப்படும் இரண்டாம் கட்டக் கேள்விகளில் பல கல்லூரிகள், 'முன்பு விண்ணப்பித்திருந்தால், அதன்பின் உங்கள் விண்ணப்பம் எப்படி வலுப்பெற்றிருக்கிறது?' என்று நேரடியாகவே கேட்கின்றன. அங்கே மன்னிப்புத் தொனியும் வேண்டாம், மனக்குறையும் வேண்டாம். எது குறைவாக இருந்தது, என்ன செய்தேன், என்ன மாறியது என்று சொன்னால் போதும். 'என் முதல் விண்ணப்பத்தில் நோயாளிகளோடு நேரடி அனுபவம் குறைவு. கடந்த 14 மாதங்களாக முதியோர் இல்லத்தில் உதவியாளராகப் பணிபுரிகிறேன்' என்று தொடங்கும் பதில், முதல் வரியிலேயே வேலையை முடித்துவிடுகிறது.

எத்தனை கல்லூரிகளுக்கு, எப்போது அனுப்புவது?

சீக்கிரம். பல கல்லூரிகள் வர வர இடங்களை நிரப்பிக்கொண்டே போகின்றன. சமர்ப்பித்தபின் ஆம்காஸ் சரிபார்க்கவே நெரிசல் நாட்களில் ஆறு வாரம்வரை ஆகலாம். ஜூன் முதல் பாதியில் அனுப்புங்கள். செகண்டரி வந்தால் இரண்டு வாரத்துக்குள் திருப்பி அனுப்புங்கள். நான் முதல் முறை அனுப்பியது செப்டம்பரில்.

எண்ணிக்கையைவிடப் பட்டியல் முக்கியம். புகழ்பெற்ற 20 பெயர்களை அடுக்குவது பட்டியல் ஆகாது. ஏஏஎம்சியின் எம்எஸ்ஏஆர் தரவுத்தளத்தில் ஒவ்வொரு கல்லூரியும் சேர்த்தவர்களின் மதிப்பெண் வீச்சையும், வெளிமாநிலத்தவர் எத்தனை பேர் என்பதையும் பாருங்கள். அரசுக் கல்லூரிகள் தம் மாநிலத்தவருக்கே முன்னுரிமை தருகின்றன. டெக்சாஸ் அரசு மருத்துவக் கல்லூரிகளில் வெளிமாநிலத்தவர் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. உங்கள் மாநிலக் கல்லூரி எதையும் விடாதீர்கள். முன்பு மறுத்த கல்லூரிக்கு மறுபடி அனுப்புவதில் தவறே இல்லை. நான் சேர்ந்தது அப்படி ஒரு கல்லூரியில்தான்.

டிஓ கல்லூரிகளுக்கும் அனுப்பலாமா? ஊரில் 'அது டாக்டர் பட்டம் இல்லை' என்கிறார்கள்.

தவறான பேச்சு. டிஓ என்பது ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம். அமெரிக்காவில் அதைப் பெற்றவர் எம்டியைப் போலவே முழு உரிமம் பெற்ற மருத்துவர். அறுவைச் சிகிச்சை செய்யலாம், மருந்து எழுதலாம். 2020 முதல், பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் பெறும் மேற்பயிற்சி (ரெசிடென்சி) இடங்களும் ஒரே அங்கீகார முறையின்கீழ் வந்துவிட்டன. என்னோடு பணிபுரியும் மிகச் சிறந்த மருத்துவர்களில் இருவர் டிஓ. ஏஏகாமாஸ் என்ற தனிப் பொது விண்ணப்பம் இருக்கிறது. முடிந்தால் ஒரு டிஓ மருத்துவரோடு சில நாட்கள் இருந்து பார்த்து, அவரிடம் கடிதமும் வாங்குங்கள்; சில கல்லூரிகள் அதை எதிர்பார்க்கின்றன.

கரீபியன் தீவுகளிலோ இந்தியாவிலோ படித்துவிட்டு வந்துவிடலாமே?

வரலாம், வந்து சிறந்த மருத்துவராக இருப்பவர்கள் நிறைய. ஆனால் மேற்பயிற்சி இடம் கிடைக்கும் வாய்ப்பைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மேற்பயிற்சி இடங்களை ஒதுக்கும் 'மேட்ச்' முறையில், 2024ஆம் ஆண்டு அமெரிக்க எம்டி இறுதியாண்டு மாணவர்களில் 93 விழுக்காட்டினருக்கும், டிஓ மாணவர்களில் 92 விழுக்காட்டினருக்கும் இடம் கிடைத்தது. வெளிநாட்டில் படித்த அமெரிக்கக் குடிமக்களுக்கு அது 67 விழுக்காடு. அந்த இடைவெளியில் விழுபவர்கள் பெருங்கடனோடு விழுகிறார்கள். இந்தியாவில் சேர நீட் எழுத வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். உள்நாட்டில் ஒருமுறைதான் முயன்றிருக்கிறீர்கள் என்றால், டிஓ கல்லூரிகளையும் சேர்த்து இன்னொரு முறை முயலுங்கள் என்பேன்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கிறேன்.

உங்களை ஏற்கும் கல்லூரிகளே குறைவு. எம்எஸ்ஏஆரில் அதை முதலில் வடிகட்டிவிட்டுப் பிறகு மற்றதைப் பாருங்கள். கட்டணம் செலுத்தப் பணம் இருக்கிறது என்று முன்கூட்டியே காட்டச் சொல்லும் கல்லூரிகளும் உண்டு.

மறுபடியும் இவ்வளவு செலவா?

2025இல் ஆம்காஸில் முதல் கல்லூரிக்கு 175 டாலர், கூடுதல் ஒவ்வொன்றுக்கும் 45 டாலருக்குச் சற்று மேல் இருந்தது. செகண்டரிக் கட்டணங்கள் தனி. குடும்ப வருமானம் குறைவு என்றால், ஏஏஎம்சியின் கட்டண உதவித் திட்டத்துக்கு மனுச் செய்யுங்கள்: எம்கேட் கட்டணம் குறையும், 20 கல்லூரிகள்வரை ஆம்காஸ் கட்டணம் தள்ளுபடியாகும். விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் முன்பே அந்த உதவி கிடைத்திருக்க வேண்டும். கட்டிய பணம் திரும்பி வராது.

பெற்றோராக நாங்கள் என்ன செய்யலாம்?

கல்லூரிச் சேர்க்கை அலுவலகத்துக்கு நீங்கள் தொலைபேசியில் அழைக்காதீர்கள். அது பிள்ளைக்குக் கெடுதலாக முடியும்.

உறவினர் வீட்டு விசேஷங்களில் 'எந்த காலேஜ்?' என்ற கேள்வி வரும்போது, பிள்ளை பதில் தேடித் தவிக்க விடாமல் நீங்களே முந்திக்கொண்டு, 'இந்த வருஷம் வேலை பார்க்கிறாள், அடுத்த வருஷம் விண்ணப்பிக்கிறாள்' என்று இயல்பாகச் சொல்லுங்கள். தலை குனியாமல் சொல்லுங்கள். என் அம்மா ஒரு கல்யாண வீட்டில் அப்படிச் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். அன்றிரவுதான் புதுக் கட்டுரையின் முதல் பத்தியை எழுதினேன்.

'வேறு படிப்புக்குப் போய்விடேன்' என்று சொல்ல வேண்டிய நேரமும் வரலாம். அதைப் பிள்ளை கேட்கும்போது பேசுங்கள். மறுப்புக் கடிதம் வந்த வாரத்தில் வேண்டாம்.

இன்னும் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறேன். புதிய விண்ணப்பத்தைத் தொடங்கலாமா?

தொடங்கலாம். ஏப்ரல் 30க்குள் பல இடங்கள் கையில் உள்ளவர்கள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட வேண்டும் என்பதால், பட்டியல் உண்மையில் நகர்வது அதற்குப் பிறகுதான்; வகுப்பு தொடங்கும் வாரம்வரைகூட அழைப்பு வரலாம். கல்லூரி அனுமதித்தால், புதிதாக நடந்ததைச் சொல்லி ஒரு கடிதம் அனுப்புங்கள். அந்தக் கல்லூரிதான் முதல் விருப்பம் என்றால், இடம் கொடுத்தால் நிச்சயம் வருவேன் என்றும் எழுதுங்கள். அப்படி ஒரே ஒரு கல்லூரிக்கு மட்டுமே எழுத வேண்டும். அதற்கிடையே மே மாதம் புதிய விண்ணப்பத்தை நிரப்பி வையுங்கள். அழைப்பு வந்தால் அதைச் சமர்ப்பிக்காமல் விட்டுவிடலாம். வந்த இடத்தை, அடுத்த ஆண்டு இதைவிட நல்லது கிடைக்கும் என்று எண்ணி மறுத்துவிடாதீர்கள். கிடைத்ததை விட்டுவிட்டு வந்தவர் என்று தெரிந்தால் அடுத்த ஆண்டு எந்தக் கல்லூரியும் தயங்கும்.